சோழியும் கல்யாணியும்

கோடைக்கானலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1901 முதல் அங்கே கதிரவனை ஆராய்ந்து வருகின்றனர். சென்னையில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தின் வாரிசு அது. அந்தச் சென்னைக் கூடத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் எழுதிவைத்த ஒரு செய்தி, இசை பயிலும் மாணவர்களுக்கும் உதவும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். அவரிடம் ஏடில்லை, எழுத்தாணியும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பிக் கூட்டினார், கழித்தார். வாய்பாடுகள் யாவும் சொற்களாக அவர் நினைவில் இருந்தன. கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே பிசகியது.

எண்கள் எவ்வாறு சொற்களாயின? கடபயாதி என்னும் முறையால்தான். வடமொழி அகரவரிசையில் க, ட, ப, ய ஆகிய நான்கும் 1. அவற்றைத் தொடரும் எழுத்துகள் முறையே 2, 3, 4 என வளரும். ‘ம’ பகர வரிசையில் ஐந்தாவது; ஆகவே 5. கிடைக்கும் எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களை வகுத்தார். அவற்றுள் 19 மட்டுமே அன்று வழக்கில் இருந்தவை என்றார். பின்வந்தோர் எல்லாவற்றுக்கும் பெயரிட்டபோது வானியலாரின் இதே உத்தியைக் கையாண்டனர். பழைய கல்யாணி ‘மேசகல்யாணி’ ஆயிற்று. ம 5, ச 6, திருப்பினால் 65. முன்னொட்டு அழகுக்காக வந்ததன்று, எண்ணுக்காக வந்தது!

இனி, நினைவட்டை செய்வோம். 72 அட்டைகள் வேண்டுமா? வேண்டாம், 12 போதும். ஆறில் ரிஷப-காந்தார இணைகள். ஆறில் தைவத-நிஷாத இணைகள். முன்புறம் வரிசை எண், பின்புறம் சுரங்கள். விடையை வாயால் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள்.

மாயாமாளவகௌளையைப் பார்ப்போம். ம 5, ய 1, திருப்பினால் 15. 36க்கு உட்பட்டதால் சுத்த மத்திமம். ஆறாறாகக் கழித்தால் இரண்டு சக்கரங்கள் முடிந்து, மூன்றாம் சக்கரத்தில் மூன்றாம் இடம். மூன்றாம் அட்டைகள் இரண்டையும் எடுங்கள்: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். கல்யாணிக்கு 65இலிருந்து 36ஐக் கழியுங்கள். மீதி 29, அது சங்கராபரணத்தின் எண். மத்திமம் மட்டுமே பிரதி மத்திமமாக மாறும்.

புதுச்சேரிக் கணிதரின் கதையில் மறுபாதியும் உண்டு. கிரகண முடிவில் அவர் கணக்கு 52 நிமிடம் தவறிற்று. விதிகளின் காரணங்களை அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் குறிக்கிறார். காரணம் தெரியாதவர் பிழையைக் கண்டாலும் எந்த விதியைத் திருத்துவது?

ஆகவே, விடையை மட்டும் எழுதிய அட்டை பாதி அட்டைதான். விடைக்குச் செல்லும் வழியையும் மனத்தில் கொள்ளுங்கள். பிறகு சுரங்களைப் பாடிப் பாருங்கள்; அட்டை சொன்னது சரிதானா என்று செவி தீர்ப்பளிக்கட்டும்.