வடபாதையின் ஒற்றைத் தண்டவாளமும் நோயுற்ற பயணியும்

ஓடும் புகையிரதத்தில் பயணி ஒருவர் திடீரென நோயுற்றால், அந்த வண்டி எவ்வளவு நேரம் தாமதிக்கும், அதனால் வேறெந்த வண்டிகள் காத்திருக்க நேரும் என்பவற்றைப் பாதையின் அமைப்பும், வைத்தியசாலைகளின் தொலைவும், செய்தி செல்லும் வேகமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டை இலங்கையின் ஏனைய பகுதிகளோடு இணைக்கும் வடபாதையின் வரலாறு இம்மூன்றின் வரலாறுமாகும்.

புகையிரதம் வருமுன்னரே குடாநாட்டில் மேலைத்தேய மருத்துவம் வேரூன்றியிருந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் மருத்துவ நூல்களைத் தமிழிலும் ஆக்கினார். அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாண நகரில் தோன்றிய வைத்தியசாலை 1907இல் அரசின் பொறுப்பில் வந்தது. இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை 1898இல் நிறுவப்பட்டது. இவ்வாறு குடாநாட்டுக்குள் ஓரளவு மருத்துவ வசதி நெருங்கி அமைந்திருக்க, ஆனையிறவுக்குத் தெற்கே வன்னிக் காடும் மலேரியாக் காய்ச்சலும் நெடுந்தூரம் பரந்து கிடந்தன.

வடபாதையின் குடாநாட்டுப் பகுதி தனித்துண்டாகவே முதலில் திறக்கப்பட்டது. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் பாதை பளைவரை நீண்டது. தெற்கிலிருந்து குருநாகல், அனுராதபுரம் வழியாக வந்த பாதை அதனுடன் இணைந்து, 1905 ஓகஸ்டில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடிப் பயணம் கைகூடியது. இன்றைய அளவின்படி காங்கேசன்துறையிலிருந்து பளைவரை 56 கிலோமீற்றர். பளையிலிருந்து ஓமந்தைவரை ஏறத்தாழ 90 கிலோமீற்றர். முதற்பகுதியில் சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, கொடிகாமம் என நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டாவது பகுதியிலோ, கிளிநொச்சியில் 1936இல் குடியேற்றத் திட்டம் தொடங்கும்வரை, மக்கள் குடியிருப்பே அரிதாக இருந்தது. ஒரே நோய், ஒரே வண்டி, ஒரே பாதை. ஆயினும் மயங்கி விழுந்தவர் கொக்குவிலில் விழுந்தாரா, மாங்குளத்துக்கு அப்பால் விழுந்தாரா என்பதைப் பொறுத்து அவருடைய கதி வேறுபட்டது.

பொல்காவலையிலிருந்து வடக்கே பிரிந்து செல்லும் இப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை என்பதால், இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு வேளையில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். இதனை உறுதிசெய்வதற்கு டப்லெட் எனப்படும் உலோக வில்லை பயன்பட்டது. மின்கம்பியால் இணைந்த இரு கருவிகள் அடுத்தடுத்த நிலையங்களில் இருக்கும். இரு நிலைய அதிபர்களும் இணங்கினால் மட்டுமே வில்லை வெளியே வரும். அதைக் கையில் பெறாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது. ஆகவே நோயாளியின் பொருட்டு வண்டி இடைவழியில் நின்றால், அதனோடு அந்தப் பகுதி முழுவதும் பூட்டப்பட்டுவிடும். எதிரே வரும் வண்டி முன்னுள்ள நிலையத்தின் பக்கப்பாதையில் காத்திருக்க, அது பிந்துவதால் அதனை வேறொரு நிலையத்தில் கடக்க வேண்டிய மூன்றாவது வண்டியும் பிந்தும். காட்டு நடுவில் நிறுத்துவதால் நோயாளிக்கும் பயனில்லை என்பதால், அடுத்த நிலையம்வரை வண்டியை ஓட்டிச்சென்று, அங்கே அவரை இறக்குவதே பாதைக்கும் அவருக்கும் ஒருங்கே பொருந்தும் வழியாகும்.

பயணியின் இடரை வண்டிக் காப்பாளருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு பிரித்தானியாவில் 1868இல் சட்டமாயிற்று. இருபது மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் பயணிகள் வண்டிகளில் அத்தகைய தொடர்பு இருக்க வேண்டுமென அச்சட்டம் விதித்தது. குடியேற்ற நாடுகளின் சட்டங்கள் நோயாளியை நோக்கியபோது தொற்றுப் பற்றிய அச்சமே அவற்றில் மேலோங்கியது. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வேச் சட்டம் தொற்றுநோயாளரை ஏற்றிச்செல்ல மறுக்கும் அதிகாரத்தை ரயில்வே நிருவாகத்துக்கு வழங்கியது. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் கிளைப்பாதையும் தனுஷ்கோடிக் கப்பற்சேவையும் இணைந்தபின், இலங்கைக்கு வரும் தொழிலாளர்கள் இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். நோய் வண்டியில் ஏறுவதைத் தடுக்க இவ்வளவு ஏற்பாடு இருந்த காலத்திலும், வண்டியில் ஏறியபின் நோயுற்றவருக்கான ஏற்பாடு அதற்கு ஈடாக வளரவில்லை.

1956 ஏப்ரலில் யாழ்தேவி கடுகதி ஓடத் தொடங்கியபின் கொழும்புப் பயணம் குடாநாட்டாரின் வாழ்வில் இயல்பான ஒன்றாயிற்று. அரச உத்தியோகத்தரும் மாணவரும் வணிகரும் ஏறிய அதே வண்டிகளில், கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் செல்வோரும் ஏறினர். வண்டியில் நோயுறுவோரைவிட, நோயோடு வண்டியில் ஏறுவோர் இப்பாதையில் முக்கியமானவர்கள் என்பதை மறந்தால் இதன் வரலாறு விளங்காது.

உள்நாட்டுப் போர் நோயாளிக்கும் வண்டிக்கும் இடையிலான இந்த உறவைத் தலைகீழாக்கியது. 1985 ஜனவரியில் யாழ்தேவி தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றது. அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாண வைத்தியசாலை செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயமாயிற்று. தெற்கே செல்ல வேண்டியவர்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடந்தனர். பிற்பட்ட ஆண்டுகளில் நோயாளர் சிலர் கப்பல் வழியாகத் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாளியால் வண்டி தாமதிப்பதைப் பற்றி முறையிட வண்டியே இல்லாத காலம் அது.

இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் எனும் இந்திய நிறுவனம் மீளமைத்த பாதையில், 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டிகள் திரும்பின. வண்ணவிளக்குச் சமிக்ஞையும் புதிய தொலைத்தொடர்பும் பொருத்தப்பட்டன. 2018 ஜூலையில், இந்திய நன்கொடையால் உருவான 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவை வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வைத்தியசாலைகள் பெருகியிருக்க, கண்டி வீதியும் பல இடங்களில் தண்டவாளத்தை ஒட்டியே செல்வதால், நோயாளியை இறக்கும் நிலையத்துக்கு அம்புலன்ஸ் முன்கூட்டியே வந்து காத்திருப்பது இன்று இயலக்கூடியதே.

தண்டவாளம் மட்டும் இன்றும் ஒற்றையாகவே இருப்பதால், ஒரு வண்டியின் தாமதம் மற்றொன்றைத் தொடும் நிலை மாறவில்லை. ஆகவே நோயுற்ற பயணியால் சேவை குழம்பியது என்று கூறுவது பாதி உண்மையே. முதலுதவிப் பயிற்சி பெற்ற காப்பாளரும், அடுத்த நிலையத்துக்கும் அம்புலன்ஸ் சேவைக்கும் ஒரே வேளையில் செய்தி செல்லும் ஒழுங்கும் இருப்பின், அந்தத் தாமதம் நோயாளியை இறக்கும் நேரமளவுக்குச் சுருங்கும். அவ்வொழுங்கை நிலைநிறுத்துவது புகையிரதத் திணைக்களத்தினதும் சுகாதாரத் துறையினதும் கூட்டுப் பொறுப்பாகும்.