கடைக்கு வராத பாட்டுகள்: பிக் ஸ்டாரின் கதை

நல்ல இசை எப்பிடியும் ஒருநாள் சனத்திட்டப் போய்ச் சேரும் எண்டு நாங்கள் நம்ப விரும்புறம். பிக் ஸ்டார் என்ற அமெரிக்க இசைக்குழுவின் வரலாற்றைப் படித்தால் அந்த நம்பிக்கை ஆட்டங்காணும். பாட்டு நல்லதா என்பது ஒரு கேள்வி. அதை ஆர் கடைக்குக் கொண்டுபோறது என்பது வேறு கேள்வி.

1971இல் மெம்பிஸ் நகரில் நாலு பெடியங்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது: கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்ட்டன், அன்டி ஹம்மல், ஜோடி ஸ்டீவன்ஸ். சில்ட்டன் ஏற்கெனவே பிரபலம். 1967இல், 16 வயதில், பொக்ஸ் டொப்ஸ் குழுவில் அவர் பாடிய ‘த லெட்டர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்கு எதிரில் இருந்த சுப்பர் மார்க்கெட்டின் பெயரைத்தான் புதுக் குழுவுக்கு வைத்தார்கள். 1972இல் வந்த முதல் அல்பத்தின் பெயர் ‘நம்பர் வன் ரெக்கோர்ட்’. பகிடியும் ஆசையும் கலந்த பெயர்.

அந்த நேரம் ரொக் என்றால் பாரமான சத்தம், நீளமான கிற்றார் வாசிப்பு. இவர்களோ பீட்டில்ஸ், பேர்ட்ஸ் வழியில், சின்னச் சின்னப் பாட்டுகளாக, மெட்டையும் சேர்ந்து பாடும் குரல்களையும் நம்பி இசையமைத்தார்கள். ‘தேர்ட்டீன்’ கேட்டுப் பாருங்கோ. ட்ரம்ஸே இல்லை. இரண்டு மூன்று நிமிசத்துக்குள் பள்ளிக்கூட வயதுக் காதல் முழுதும் வந்துவிடும்.

பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் விற்றது 10,000 பிரதிகளுக்கும் குறைவு. ஏன்?

அல்பத்தை விநியோகித்தது ஸ்டாக்ஸ் நிறுவனம். ஓட்டிஸ் ரெடிங், ஐசாக் ஹேய்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசையால் வளர்ந்த நிறுவனம் அது. ரொக் அல்பங்களைக் கடைகளில் சேர்ப்பதில் அதற்கு அவ்வளவு பலம் இருக்கவில்லை. 1972இல் விநியோகம் கொலம்பியாவின் கைக்குப் போனது. கொலம்பியா, ஸ்டாக்ஸின் பழைய விநியோகஸ்தர்களை ஒதுக்கியது. பாட்டு பிடித்துப்போய்த் தேடிப் போனவர்களுக்கும் கடையில் அல்பம் இல்லை. அந்த வருடம் முடிவதற்குள் பெல் மனமுடைந்து விலகினார்.

1973 மே மாதம் மெம்பிஸில் ரொக் இசை எழுத்தாளர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. அதில் மிச்ச மூன்று பேரும் வாசித்தார்கள். அங்கே கிடைத்த வரவேற்புத்தான் ‘ரேடியோ சிட்டி’ (1974) அல்பத்துக்கு வழிவிட்டது. அதுக்கும் அதே கதிதான். 1974இல் பதிவான மூன்றாவது அல்பத்தை எந்தக் கொம்பனியும் எடுக்கவில்லை. 1975 முடிவில் ஸ்டாக்ஸே வங்குரோத்தானது. மூன்றாவது அல்பம் வெளிவரும்போது 1978. அதே வருடம் டிசம்பர் 27இல் கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது 27.

இந்தக் குழுவை ‘மறக்கப்பட்ட குழு’ என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. மறக்கிறதுக்கு முதல் கேட்டிருக்க வேணுமே. கேட்க வாய்ப்புக் கிடைக்காத சனம் இவர்களை நிராகரித்தது எண்டு எப்பிடிச் சொல்லலாம்?

மீள்கண்டுபிடிப்பும் தானாக நடக்கவில்லை. 1978இல் பிரித்தானியாவில் முதல் இரண்டு அல்பங்களும் ஒன்றாக மறுபடி வெளிவந்தன. திஸ் மோர்ட்டல் கொயில் 1984இலும், த பாங்கிள்ஸ் 1986இலும் இவர்களுடைய பாட்டுகளைத் திரும்பப் பாடின. 1987இல் த ரீப்ளேஸ்மென்ட்ஸ் ‘அலெக்ஸ் சில்ட்டன்’ என்ற பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட்டது. பெல்லின் தனிப்பாடல்கள் 1992இல்தான் அல்பமாகின. 1993இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் சில்ட்டனும் ஸ்டீவன்ஸும் திரும்ப மேடையேறினார்கள். அதை ஏற்பாடு செய்தது ஆர் தெரியுமா? அந்தப் பல்கலைக்கழக வானொலியில் இருந்த மாணவர்கள். எங்களைப் போல ஆக்கள்தான்.

2010இல் சில்ட்டனும் ஹம்மலும் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். பெல்லுக்குத் தன் பாட்டுகளை உலகம் தேடியது கடைசிவரை தெரியாது. காலம் நீதி வழங்கும் என்று சொல்வதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். காலம் ஒன்றும் செய்யவில்லை. சில ஆக்கள் செய்தார்கள், பிந்திச் செய்தார்கள்.

இப்ப மூன்று அல்பமும் ஃபோனிலேயே இருக்கு. ‘ரேடியோ சிட்டி’யில் வரும் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டிலிருந்து தொடங்குங்கோ. பிடிச்சிருந்தா இன்னும் ஒராளுக்கு அனுப்பிவிடுங்கோ.