செலவு போக மிச்சம்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் அநேகம். அதன் அடித்தளக் கல்லைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு. அந்தக் கல்லில் பெரும்பகுதி கணக்கு. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்கள், ஒவ்வொரு ஊரின் மொத்த நிலம், அதில் எது எது கழிந்தது, கழித்தது போக வரிக்கு உட்பட்ட நிலம் எவ்வளவு, அதற்கு எத்தனை கலம் நெல் என்று வரிசையாகப் போகிறது. 1010இல் குடமுழுக்கு கண்ட கோயில் அது. வரி கேட்பதற்கு முன்னால் எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று ஓர் அரசு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்து, அந்த யோசனையைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது.

கழிந்தவற்றின் பட்டியல் கவனித்துப் பார்க்க வேண்டியது. மக்கள் குடியிருக்கும் நத்தம், ஊர்க் கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. இவற்றில் நெல் விளையாது. ஆனால் இவை இல்லாமல் எந்த வயலிலும் நெல் விளையாது. வாய்க்கால் ஓடும் மண்ணுக்கு வரி போட்டால் தண்ணீருக்கு வரி போட்டதாகும். கொல்லனும் தச்சனும் குடியிருக்கும் இடத்துக்கு வரி போட்டால் கலப்பைக்கு வரி போட்டதாகும். சோழர்களின் வரித்துறை இதைப் புரிந்து வைத்திருந்தது. ராஜராஜன் காலத்து நில அளவையைப் பற்றிப் பேசும்போது வேலி என்ற நில அளவில் 5,242 கோடியில் ஒரு பங்கு வரைக்கும் அளந்தார்கள் என்று பெருமையோடு சொல்வது வழக்கம். அவ்வளவு சிறிய துண்டை எந்தக் கோலும் அளக்காது. அது கணக்கன் பின்னத்தை வகுத்து வகுத்து இறங்கிய எண். அளவுகோலின் நுணுக்கத்தைக் காட்டிலும் கழித்தலின் நுணுக்கத்துக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும். அப்படிக் கழித்து மிஞ்சிய நிலத்துக்குச் சில ஊர்களில் வேலிக்கு நூறு கலம் என்ற வீதத்தில் நெல் கேட்டார்கள். ஆடவல்லான் என்று நடராசரின் பெயரைத் தாங்கிய மரக்காலால் அதை அளந்தார்கள்.

கல்வெட்டில் கழிந்தது நிலம். களத்து மேட்டில் கழிந்தது நெல்.

காவிரிப் படுகையில் பல நூற்றாண்டுகளாக வாரமே நடைமுறை. விளைந்ததில் அரசுக்கோ நிலத்துக்கு உடையவருக்கோ போவது மேல்வாரம், பயிரிட்டவருக்கு மிஞ்சுவது குடிவாரம். ஆனால் இந்த இரண்டு வாரமும் பிரிவதற்கு முன்னால் இன்னொரு பங்கீடு நடந்தது. கதிரை அடித்து, மாடு கட்டிப் போரடித்து, காற்று வாக்கில் தூற்றி, பொலியைக் குவிப்பார்கள். அளவு முடியும்வரை குவியலின் மேல் சாம்பலால் குறி போட்டு வைப்பார்கள். இரவில் யாராவது கை வைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அளக்க உட்கார்ந்தவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். அடுத்தது இரண்டு. பிரிக்காத அந்தப் பொதுக் குவியலிலிருந்துதான் ஊர்க் கோயிலுக்கும், கணக்கனுக்கும், தலையாரிக்கும், வெட்டியானுக்கும், தண்ணீர் கட்டுகிறவருக்கும், தச்சன், கொல்லன், நாவிதன், வண்ணானுக்கும் நெல் போகும். இதற்குச் சுதந்திரம் என்று பெயர். அறுத்து அடித்தவர்களின் கூலியும் நெல்லாகவே களத்தில் அளக்கப்பட்டது.

இந்த வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. கலப்பைக்குக் கொழு அடித்த கொல்லனின் கூலியைக் குடியானவர் தன் பங்கிலிருந்து கொடுத்தால் அது அவருடைய செலவு மட்டும். பொதுக் குவியலிலிருந்து போனால் அரசும் அதில் ஒரு பங்கைச் சுமக்கிறது. இன்றைக்கு ஒரு கடைக்காரர் கடை வாடகையையும் கரண்டு பில்லையும் வருமானத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டுகிறாரே, அதன் அடிப்படை நியாயம் இதுதான். அந்த நியாயம் இங்கே எழுத்தில் அல்ல, மரக்காலில் நடந்தது. ஊரே கூடி நின்று பார்த்த கணக்கு என்பதால் ரசீது வேண்டியிருக்கவில்லை.

1799இல் இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சைச் சீமையின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். களத்தில் ஆள் வைத்து நெல்லைப் பங்கு பிரிப்பது கம்பெனிக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பணம் வேண்டும், அதுவும் முன்கூட்டியே தெரிந்த தொகையாக வேண்டும். 1820களில் ஒழுங்கு என்ற பெயரில் ஓர் ஏற்பாடு வந்தது. நெல் விலை ஏறினால் தீர்வையும் ஏறும், விலை விழுந்தால் இறங்கும். கொஞ்ச காலத்தில் அதுவும் போய், மொத்தமாகத் தொகை நிர்ணயிக்கும் மோட்டம்பைசல் வந்தது. இந்த மாற்றங்களின் விவரத்தை வெங்கசாமி ராவ் 1883இல் வெளியிட்ட தஞ்சாவூர் மாவட்ட மானுவலில் காணலாம்.

சென்னை மாகாணத்தில் செலவைக் கழிக்கும் கலை முழுக்க முழுக்க காகிதத்துக்கு ஏறியது 1864க்குப் பிறகு. செலவு போக நிற்கும் நிகர விளைச்சலில் பாதிதான் அரசின் உச்ச பங்கு என்று விதி வந்தது. நிகரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செட்டில்மெண்ட் அதிகாரிகள் மண்ணைக் களி, வண்டல், மணல் என்று பிரித்துத் தரம் போட்டார்கள். மாதிரி வயல்களில் அறுவடை செய்து ஏக்கருக்கு என்ன விளைகிறது என்று எடுத்தார்கள். பருவம் பொய்க்கும் வருஷங்களுக்காக ஒரு பங்கைத் தள்ளினார்கள். பஞ்ச காலம் தவிர்த்த இருபது வருஷங்களின் சராசரி விலையால் நெல்லைப் பணமாக்கினார்கள். அந்த விலையிலிருந்து வண்டிக் கூலிக்கும் வியாபாரியின் ஆதாயத்துக்கும் ஒரு பங்கு கழித்தார்கள். பிறகு உழவு மாடு, ஏர்ச் சாமான், விதை, எரு, ஆள் கூலி. எல்லாம் போக நின்றதில் பாதி தீர்வை. அது முப்பது வருஷத்துக்கு மாறாது.

படிக்கும்போது இது நேர்மையான முறையாகவே படுகிறது. சாகுபடிச் செலவை மிக விரிவாகவே அட்டவணை போட்டார்கள். ஆனால் களத்தில் கழிந்தது அந்த வருஷத்து நிஜமான செலவு. அட்டவணையில் கழிந்தது எந்தக் குடியானவரும் செய்யாத சராசரிச் செலவு. தை மாதத்து எதிர்பாராத மழையில் கதிர் சாய்ந்து, அறுக்க இரட்டிப்பு ஆள் பிடித்தவருக்கு அட்டவணையில் இடம் கிடையாது. அவர் வருஷாந்திர வரிக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் வஜா, அதாவது தள்ளுபடி, கேட்டு மனுப் போட வேண்டும், கொடுப்பது அதிகாரியின் தயவு. முன்பு உரிமையாக இருந்த கழிவு இப்படிச் சலுகையாக மாறியது. ரமேஷ் சந்திர தத் 1900இல் கர்சன் பிரபுவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் சென்னை மாகாணத்து நிலத் தீர்வையைக் கண்டித்ததும் இந்த இடத்தைத் தொட்டுத்தான். செலவைக் குறைத்து மதித்தால் நிகரத்தில் பாதி என்பது மொத்த விளைச்சலில் பெரும்பங்காகிவிடும். 1902இல் இந்திய அரசு ஒரு நீண்ட தீர்மானமாக அவருக்குப் பதில் சொன்னது. நிலவரிக் கொள்கைக்கு ஓர் அரசு அவ்வளவு விரிவாக வக்காலத்து வாங்கியது, கேள்வி வலித்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

வருமான வரி வேறு வழியில் வந்தது. 1857 கலகத்தால் ஏற்பட்ட கடனை அடைக்க ஜேம்ஸ் வில்சன் 1860இல் கொண்டுவந்த வரியில் நிலத்து வருமானமும் அடங்கியிருந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய வருமானத்தை விலக்கியது. தீர்வை கட்டும் நிலத்துக்கு இரண்டாவது வரி கூடாது என்பது காரணம். அந்த விலக்கு 1922, 1961 சட்டங்களிலும் தொடர்ந்தது. வரி இல்லாத இடத்தில் செலவைக் கழிக்கும் பேச்சும் இல்லை. ஆகவே கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் கணக்குப்பிள்ளை வைத்து ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு சேர்த்த காலத்தில், பக்கத்து ஊர் மிராசுதாருக்கு அந்த அவசியம் ஏற்படவில்லை.

நாடு விடுதலையான பிறகு மிராசுதாருக்கும் அந்த அவசியம் வந்தது. சென்னை மாநிலம் 1955இல் தோட்டங்களுக்கு விவசாய வருமான வரி போட்டது. 1958இல் அது மற்ற விவசாய நிலங்களுக்கும் நீண்டது. வருமானத்தை ஈட்டுவதற்காகவே செய்த செலவுகளைக் கழிக்கலாம், ஆனால் கணக்கு காட்ட வேண்டும். கணக்கு வேண்டாம் என்பவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒரே தொகையாகக் கட்டிவிட்டுப் போகலாம் என்று சமாதான வழி ஒன்றும் சட்டத்தில் இருந்தது. செட்டில்மெண்ட் அதிகாரியின் சராசரியும் இந்த வழியும் ஒரே குடும்பம். சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்கு வேண்டாம் என்று வருமான வரிச் சட்டத்தில் பின்னாளில் வந்த 44ஏடி பிரிவும் அதே வம்சம்தான்.

செலவு என்று ஏட்டில் ஏறிய இனங்களில் மிகப் பெரியது மனித உழைப்பு. தஞ்சையில் அது பண்ணையாட்களின் உழைப்பு, அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். பண்ணையின் கணக்கில் கூலி என்பது குறைக்க வேண்டிய செலவு. சேரியில் அதுவே அன்றைய உலை. பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தத்தில் 1948இல் பண்ணையாட்களின் கூலியைப் பற்றிய மாயவரம் ஒப்பந்தம் வந்தது. 1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகை சாகுபடியாளருக்கு மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்றது அது. 1956ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டம் நன்செயில் உடையவரின் பங்கை 40 சதவீதமாக இறக்கியது. சாகுபடிச் செலவு முழுக்கக் குத்தகைதாரரின் தலையில், அதனால் 60 அவருக்கு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதை ஒட்டிய பகையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். டெல்டாவின் வரவு செலவு வரலாற்றை எழுதும் யாரும் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது, போகக் கூடாது.

நிலமும் வியாபாரமும் ஒரே கையில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல். 1970களின் தொடக்கத்தில் கே.என். ராஜ் குழுவின் பரிந்துரைப்படி, மற்ற வருமானம் உள்ளவர்களின் விவசாய வருமானத்தை வரி விகிதம் பார்க்க மட்டும் சேர்த்துக்கொள்ளும் முறை வந்தது. மத்திய வரி இல்லாத வருமானத்துக்கும் அதனால் உழவு, விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் எழுதி நிகரம் காட்ட வேண்டியதாயிற்று. சொந்தமாக ரைஸ் மில் வைத்து, தன் வயல் நெல்லையே அரைக்கிறவருக்கு 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 7ஆவது விதி வழி சொன்னது. நெல்லைக் காயவைத்துத் தூற்றுவதுவரை விவசாயம், அதற்கு மேல் தொழில். மில் கணக்கில் அந்த நெல்லின் சந்தை விலையைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். விளைவிக்க ஆன செலவை மறுபடியும் கழிக்க முடியாது. ஒரு செலவு ஒரு தடவைதான். பொதுக் குவியலில் கூலி வாங்கிய கொல்லன் குடிவாரத்தில் மறுபடி கேட்க முடியாது என்ற களத்து வழக்கமும் இதையேதான் சொன்னது.

இப்போது டெல்டாவில் வாக்குவாதம் வரியைப் பற்றியது அல்ல, விலையைப் பற்றியது. கேள்வி மட்டும் பழையது. எதையெல்லாம் செலவு என்று ஒப்புக்கொள்வது? கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையேற்ற தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று 2006இல் சொன்னது. 2018இலிருந்து மத்திய அரசு ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்கிறது. அதற்கு எடுத்துக்கொள்ளும் செலவில் விதை, உரம், எந்திர வாடகை, ஆள் கூலி, குத்தகைக்கு எடுத்த நிலத்தின் வாரம், குடும்பத்தார் வயலில் இறங்கிய உழைப்பின் மதிப்பு எல்லாம் உண்டு. சொந்த நிலத்துக்கு உரிய வாடகையும் சொந்த முதலுக்கு உரிய வட்டியும் இல்லை. அவற்றையும் சேர்த்த முழுச் செலவின் மேல்தான் ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். தாண்டினால் நெல்லை மறுபடி தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்க வேண்டும். கிளறிவிட ஆள், மழை வந்தால் மூடத் தார்ப்பாய், இரவுக் காவல் என்று செலவு கூடிக்கொண்டே போகும். சாலையோரம் நெல்லுக்குக் காவல் கிடக்கும் விவசாயியின் அந்தச் செலவு அவரோடு போகிறது.