வீட்டுக்கு முன் மனை: இந்தூர் அரண்யா தரும் பாடம்

1980களில் இந்தூர் வளர்ச்சி ஆணையம் ஏழைகளுக்கு முழு வீடுகளைக் கட்டித்தர முனையவில்லை. மாறாக, பாலகிருஷ்ண தோஷியின் வாஸ்து-சில்பா அறக்கட்டளை வடிவமைத்த அரண்யா குடியிருப்பில், சுமார் 85 ஹெக்டேரில் ஏறத்தாழ 6,500 மனைகளை வகுத்தது. அவற்றுள் பெரும்பான்மை பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு உரியவை. அக்குடும்பங்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 35 சதுர மீட்டர் மனை, அடித்தளம், கழிப்பறை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு. அறைகளையும் மாடியையும் பணம் சேரச் சேர அவர்களே எழுப்பிக்கொள்ளலாம். வழிகாட்டியாக 80 மாதிரி வீடுகள் மட்டும் கட்டப்பட்டன. 1995இல் இத்திட்டம் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

இதன் அடிப்படை எளியது. சுவரெழுப்பும் திறன் ஏழைகளிடம் முன்பே இருந்தது. உரிமையுள்ள நிலமும் வடிகாலுமே அவர்களிடம் இல்லாதவை. தனிக்குடும்பத்தால் இயலாத அவ்விரண்டையும் அரசு ஏற்றது.

2015இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்திலும் பயனாளியே வீடு கட்டும் பிரிவு உண்டு. ஒப்புதல் பெற்ற வீடுகளுள் பெரும்பகுதி அதனைச் சேர்ந்தவையே. ஆயினும் அம்மானியம் சொந்த மனை உடையவருக்கே உரியது. வாடகைக் குடிசையிலும் புறம்போக்கிலும் வாழ்வோர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். அரண்யா முதலில் கணக்கில் கொண்டது மனையற்ற அவர்களைத்தான்.