பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு முன் கிருமித்தொற்றுத் தடுப்பு

இதயத்தின் முடியுரு நாடிகள் அடைபடும்போது, மார்பு நாடியையோ காலிலிருந்து எடுத்த நாளத்தையோ பொருத்தி இரத்தத்துக்கு மாற்றுவழி அமைப்பதே பைபாஸ். நாளம் எடுத்தால் நெஞ்சிலும் காலிலும் வெட்டு விழும். தொற்று மார்பெலும்புக்கு உள்ளே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் தடுப்பு வேலை பல வாரம் முன்பே, நோயாளியின் வீட்டில் தொடங்குகிறது.

1865இல் கிளாஸ்கோவில், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தை ஜோசப் லிஸ்டர் கார்போலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டினார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. இம்முறையை 1867இல் லான்செட் இதழில் வெளியிட்டார். 1961இல் ஜான் பர்க் கினிப் பன்றிகளில் செய்த சோதனை அடுத்த திருப்பம்: கிருமி புகுமுன் கொடுத்த மருந்து காத்தது, மூன்று மணி நேரம் பிந்திக் கொடுத்தது பலிக்கவில்லை. 1967இல் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ கால் நாளத்தால் பைபாஸ் செய்தார். இந்தியாவின் முதல் பைபாஸை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார்.

வெட்டுக்கு முந்திய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவது பர்க் காட்டிய வழியே. 48 மணி நேரத்துக்கு மேல் அது தேவையில்லை. சவர அலகு தோலில் நுண்கீறல் போடும் என்பதால் முடியை மழிக்கக் கூடாது; அவசியமென்றால் கிளிப்பரால் வெட்டலாம். சத்திரசிகிச்சைக்கு முன் சவர்க்காரமோ குளோரெக்சிடினோ போட்டுக் குளிக்க வேண்டும். மூக்கில் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி இருந்தால் மியூபிரோசின் களிம்பு பூசப்படும். சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்துவதும், புகைப்பதை வாரங்களுக்கு முன்பே நிறுத்துவதும், சொத்தைப் பல்லையும் சிறுநீர்த் தொற்றையும் குணமாக்குவதும் இதே வரிசையில் வருவன.

சப்ரகமுவத் தோட்டங்களில் முதலில் பார்க்க வேண்டியது கால்.

மழைக்காட்டை ஒட்டிய தேயிலை மலைகளில் அட்டைக்கடி சாதாரணம். கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும். ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், குதிகால் வெடிக்கும். நாளம் எடுப்பதோ அதே காலின் உட்புறத்தில். புண் உள்ளவர் அதைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி ஆற்றிக்கொண்டு போவதே நல்லது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் எலிக்காய்ச்சல் அதிகம். காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அவசரமில்லாத பைபாஸை உடல் தேறும்வரை தள்ளிவைக்கலாம்.

இன்று கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளிலும் காலி கராப்பிட்டியவிலும் இச்சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது.