கூடை, பானை, கண்ணாடிப் பேழை: பெங்களூருவில் மலைப்பாம்புக்கு ஒரு வீடு

2024 ஏப்ரலில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அதே நிலையத்தில் 55 பால் பைத்தான்களும் 17 கருநாகங்களும் சுங்கத்துறையினரிடம் சிக்கின. இத்தகைய செய்திகளில் கடத்தியவர் யார், வாங்கவிருந்தவர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. அந்தப் பத்துப் பாம்புகளும் பிடிபடாதிருந்தால் எதற்குள் வாழ்ந்திருக்கும் என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. தென் அமெரிக்கச் சதுப்பு நிலங்களைச் சேர்ந்த மஞ்சள் அனகோண்டா வளர்ந்தால் மூன்று மீட்டரை எட்டும். பயணப்பெட்டியில் அடங்கிய குட்டிக்குச் சில ஆண்டுகளில் ஓர் அறையின் ஒரு பக்கச் சுவரே தேவைப்படும். அந்தப் பெட்டியை ஒருவர் தம் வீட்டில் செய்தாக வேண்டும். வீட்டில் செய்யப்படும் அந்தப் பாம்புப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் அது யாருடைய பெட்டி குற்றமாயிற்று, யாருடைய பெட்டி பதிவு பெற்றது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. மனிதர்க்கு இதமான அதன் குளிர், வெப்பநாட்டுப் பாம்புக்கு இதமன்று. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும். 1884 ஜனவரியில் அது 7.8 டிகிரி வரை தாழ்ந்ததாகப் பதிவு உண்டு. பாம்பு தன் உடல் வெப்பத்துக்குச் சூழலைச் சார்ந்தது. குளிர்ந்தால் விழுங்கிய இரை செரிக்காது. குளிர் நீடித்தால் மூச்சுறுப்புகளில் நோய் பற்றும். எனவே இந்நகரில் பெரும்பாம்புக்குப் பெட்டி செய்பவர் முதலில் செய்வது ஓர் அடுப்பையே. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ப்ளைவுட் சுவர். ஈரத்தில் ஊறாதபடி அதன்மேல் நச்சு வாடை முற்றும் நீங்கக் காயவைத்த பூச்சு. முன்புறம் பூட்டுடன் நகரும் கண்ணாடிக் கதவு. ஒரு மூலையில் ஒளியில்லாமல் வெப்பம் மட்டும் தரும் பீங்கான் சூடாக்கி. பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகாமல் தடுக்கக் கம்பிக் கூண்டு. சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட். இந்தக் கடைசிக் கருவி பழுதானால் பெட்டி குளிர்ப்பெட்டியாகவோ சூளையாகவோ மாறும்.

இந்த வடிவம் ஒரே நாளில் பிறந்ததன்று. பெட்டிக்குள் வெப்பத்தின் இடம் என்ன என்பதை அறிவியல் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அந்தப் பாடத்தின் முதல் பக்கம் இந்தியாவில் எழுதப்பட்டது. இங்குப் பயணம் செய்த லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர், பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைந்து கிடந்து தன் உடலால் அவற்றுக்கு வெப்பமூட்டுகிறது என்று 1832இல் பாரிசின் அறிவியல் கழகத்திடம் தெரிவித்தார். குளிர் இரத்த உயிர் வெப்பம் தருவதாவது என்று கழகத்தினர் அதனை ஏற்க மறுத்தனர். 1841இல் அதே பாரிசின் விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு மலைப்பாம்பு 15 முட்டைகளை இட்டு அவற்றை அடைகாத்தது. அஷில் வலன்சியேன் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து அளந்தார். சுற்றியிருந்த காற்றைவிடச் சுருளுக்குள் வெப்பம் மிகுந்திருந்தது. பயணி சொன்னது மெய்யாயிற்று. அது எவ்வாறு நிகழ்கிறது என்பது 1966இல் நியூயார்க்கில் ஹட்சிசன், டௌலிங், வினகர் ஆகியோரின் ஆய்வில் தெளிவாயிற்று. தாய்ப்பாம்பு தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி நடுங்குகிறது. அந்த நடுக்கம் உடலைச் சூழலைவிட ஏறத்தாழ 5 டிகிரி வரை உயர்த்துகிறது. முட்டைக்கு முதல் பெட்டியைத் தன் உடலால் செய்துகொண்ட உயிர் மலைப்பாம்பு.

மனிதர் செய்த பெட்டிகள் இதற்குப் பின்தங்கியே இருந்தன. 1849இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலை திறந்த ஊர்வன மனை உலகில் அவ்வகையில் முதலாவது எனப்படுகிறது. அது பழைய ஊனுண்ணி விலங்குக் கூடத்தை மாற்றியமைத்த கட்டடம். 1897இல் கிரகரி பேட்மன் என்னும் பாதிரியார் வெளியிட்ட ‘தி விவேரியம்’ என்னும் நூல், ஊர்வனவற்றுக்கான கூண்டை வீட்டில் கட்டிப் பராமரிக்கும் முறையைப் பொதுவாசகருக்குக் கற்பித்தது. 1927இல் ஜோன் பீச்சம் ப்ராக்டர் என்னும் பெண் அறிஞரின் வடிவமைப்பில் லண்டனில் புதிய ஊர்வன மனை எழுந்தபோது சிந்தனையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கட்டடம் முழுவதற்கும் ஒரே சூடு என்னும் வழக்கம் அங்கே கைவிடப்பட்டது. ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனி வெப்பமும் ஒளியும் வகுக்கப்பட்டன. 1944இல் கௌல்ஸ், போகர்ட் ஆகிய இருவரும் பாலைவன ஊர்வனவற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை அதற்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தது. ஊர்வன சூழலின் வெப்பத்தை வெறுமனே ஏற்பவையல்ல. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே இடம் மாறித் தமக்கு வேண்டிய வெப்பத்தைத் தாமே தேடிக்கொள்பவை. இதன்படி நல்ல பெட்டி என்பது ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்க, நடுவே பாம்பு போய்வரும் தொலைவு உள்ள இடம். இன்று பெங்களூருவில் ஒருவர் சூடாக்கியைப் பெட்டியின் நடுவில் பொருத்தாமல் ஓரத்தில் பொருத்துவதற்குக் காரணம் இதுவே.

ஐரோப்பா இவ்வாறு கண்ணாடிக்குள் பாம்பை வைக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம் முழுவதும் இந்தியத் தெருக்களில் வேறொரு பெட்டி நடமாடியது. அது பாம்பாட்டியின் மூடிபோட்ட கூடை. தமிழில் பிடாரர், கன்னடத்தில் ஹாவாடிகர் என்று பெயர்பெற்றோர் அதனைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர். தூக்கிச் செல்வதற்கு ஏற்ற அளவே அதன் அளவு. பாம்பின் தேவை அதில் கணக்கில் வரவில்லை. நச்சுப்பல் பிடுங்கப்பட்ட நாகங்கள் அதற்குள் நெடுங்காலம் உயிர் வாழ்ந்ததில்லை. அதேவேளையில் பாம்பின் இருப்பிடம், இரை, தோலுரிப்பு, ஈற்றுக்காலம் ஆகியவை பற்றிய நாட்டறிவைச் சுமந்தவர்களும் அம்மக்களே. இந்த இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்ளாமல் அந்தக் கூடையின் வரலாற்றை எழுத இயலாது.

அந்தக் கூடையை இரண்டு சட்டங்கள் எதிர்கொண்டன. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியின் விளைவாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் 11ஆம் பிரிவு, ஓர் உயிர் இயங்குவதற்குப் போதுமான உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டிலோ கலத்திலோ அதை அடைத்துவைப்பது குற்றம் என்கிறது. 1972இல் வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ பெட்டியின் அளவைக் கேட்கவில்லை. உள்ளே இருக்கும் உயிர் எந்த அட்டவணையில் உள்ளது என்று கேட்டது. இந்திய மலைப்பாம்பு அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. உரிமம் இன்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாயின.

இருளர் மக்களின் பிழைப்பும் இக்காலத்தில் அடைபட்டது. பாம்புத்தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தே அவர்களில் பலர் வாழ்ந்திருந்தனர். அதற்கு ஒரு மாற்று வழி சென்னையருகே உருவாயிற்று. கொடைக்கானல் பள்ளி விடுதியில் கட்டிலுக்கு அடியில் ஒரு மலைப்பாம்பை வளர்த்த மாணவரான ராமுலஸ் விட்டேக்கர், பின்னாளில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவினார். அது 1972இல் கிண்டிக்கு வந்தது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் அச்சங்கத்தின் நச்சுப்பாம்புகள் மண்பானையில் வைக்கப்படுகின்றன. அடியில் மணல், வாயில் துணிக்கட்டு. ஏறத்தாழ ஒரு மாதத்தில் சில முறை நஞ்சு எடுத்தபின், அடையாளமாக வயிற்றுச் செதிலை நறுக்கிவிட்டுப் பாம்பு காட்டில் விடப்படுகிறது. பானையும் கூடையைப் போலச் சிறியதே. அதற்குள் பாம்பு இருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதே வேறுபாடு. சிறிய கலத்தைப் பொறுக்கத்தக்கதாக்குவது திரும்பும் நாள்.

மூன்றாம் பெட்டி கண்ணாடிப் பேழை. உலகமயமாக்கத்துக்குப் பின் செழித்த நகரங்களில் அயல்நாட்டு விலங்குகளை வளர்க்கும் விருப்பம் பரவியது. பெங்களூரு அவற்றுள் முன்னணியில் நின்றது. மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் இவ்விருப்பத்தின் அடையாளமாயிற்று. அஞ்சினால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சாதுவான பாம்பு அது. அமெரிக்காவில் 1990களிலிருந்து பல நிறக் கலவைகளில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தது. இந்தியா 1976லேயே சைட்டிஸ் உடன்படிக்கையில் உறுப்பு நாடாகி, மலைப்பாம்புகளும் அனகோண்டாக்களும் அதன் பட்டியல்களில் இருந்தபோதும், அந்த உடன்படிக்கை நாட்டு எல்லையைக் கடக்கும் வணிகத்தையே குறித்தது. எல்லை தாண்டி உள்ளே வந்துவிட்ட அயல் உயிரை வைத்திருப்பதையும் விற்பதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. ஆகவே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஒரே தெருவில் இரு நீதி நிலவியது. உள்நாட்டு மலைப்பாம்பைக் கூடையில் வைத்திருந்தவர் குற்றவாளி; அயல்நாட்டு மலைப்பாம்பைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தவர் வளர்ப்பு ஆர்வலர்.

அந்த இடைவெளி அண்மையில்தான் அடைக்கப்பட்டது. 2020 ஜூனில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல் உயிர்களை வைத்திருப்போர் ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் கேட்கப்படாது என்றது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, சைட்டிஸ் உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணையைச் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள் அவற்றை வைத்திருப்போர் ஆறு மாதங்களுக்குள் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிய வேண்டும் என்றன.

1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய ஒரு வாயில் இருந்தது. அதன் 40ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்த 30 நாள்களுக்குள் தம்மிடமுள்ள குறிப்பிட்ட விலங்குகளை அறிவிக்கச் சொன்னது. நிலையான முகவரியும் எழுத்தறிவும் உள்ளோர்க்கு 30 நாள் போதுமானதாக இருந்திருக்கலாம். ஊர்விட்டு ஊர் செல்லும் பாம்பாட்டிக்கு அந்த வாயில் திறந்ததும் மூடியதும் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஐம்பதாண்டு கழித்துக் கண்ணாடிப் பேழையின் உரிமையாளருக்கு ஆறு மாதமும் ஓர் இணையத்தளமும் கிடைத்தன. இதைக் கொண்டு கூடையை நியாயப்படுத்த முடியாது. சட்டத்தின் இரக்கம் யாருடைய கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கப்படுகிறது என்பதை இது காட்டுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் எழுப்பிய வினா விடையின்றி நிற்கிறது. ‘போதுமான’ நீளம் என்பது பாம்புக்கு எவ்வளவு? அச்சட்டப் பிரிவில் எண் எதுவும் இல்லை. பாம்பு சுருண்டே கிடக்கும். அதன் நீளத்தில் பாதி போதும் என்று கைநூல்கள் பல நெடுங்காலம் சொல்லிவந்தன. கிளிஃபர்ட் வார்விக்கும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதனை மறுத்தது. இடம் கிடைத்தால் பாம்புகள் முழு உடலையும் நேராக நீட்டுகின்றன. பெட்டி குறைந்தது பாம்பின் நீளமாவது இருக்க வேண்டும் என்று அது வாதிட்டது.

இந்தியக் களமும் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புகளை ஆராய்ந்த சு. பூபதி, அவை முள்ளம்பன்றி தோண்டிய வளைகளில் தங்குவதையும் குளிர்காலப் பகல்களில் வெளியே வந்து வெயில் காய்வதையும் பதிவு செய்தார். பின்னர்க் கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய அவர் 2014இல் களப்பணியின்போதே உயிரிழந்தார். இருண்ட வளை, வெயில்பட்ட மண், இரண்டுக்கும் இடையே தானே தேர்ந்து ஊர்ந்து செல்லும் வழி. காட்டுப்பாம்பு தனக்கென அமைத்துக்கொண்ட வீடு அது. எந்தப் பெட்டியையும் அதனோடு ஒப்பிட்டே அளக்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 62 வயதைக் கடந்த ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. இன்று பெங்களூருவில் ஓர் இளைஞர் செய்யும் பெட்டி, அவருடைய படிப்பையும் வேலையையும் வாடகை வீடுகளையும் கடந்து நிலைக்க வேண்டியிருக்கலாம். பானைப் பாம்புக்கு இருக்கும் திரும்பும் நாள் இப்பாம்புக்கு இல்லை. ஆப்பிரிக்கப் பாம்பைப் பன்னேர்கட்டாவின் காட்டில் விட முடியாது. விடுவது பாம்புக்கும் காட்டுக்கும் கேடு. டிசம்பர் இரவில் மின்சாரம் நின்றால் அதற்கு வேறு வெயிலும் இல்லை. ஆகவே தச்சர் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்கும்போது, அறையில் மீந்திருக்கும் மூலையை அளந்து விடை சொல்லலாகாது. உள்ளே கிடக்கப்போகும் உயிர் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளும், எத்தனை ஆண்டு வாழும் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த விடைக்கு வீட்டில் இடமில்லையெனில் பெட்டியைத் தொடங்காதிருப்பதே நேர்மை.