லொயோலா வீரர் ஐவர்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்துக்குப் பண்பும் தருவது என்பதை நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். அது மெய்யே. ஆயினும், ஆடுகளத்தில் யார் இறங்கலாம், யார் இறங்கலாகாது என்று வரையறுத்து, அவ்வரையறைக்கு ஒழுங்கு என்று பெயர் சூட்டி வைத்த காலமும் உலக வரலாற்றில் உண்டு. அத்தகைய காலத்தில், சிக்காகோ நகரத்துக் கல்லூரி மாணவர் ஐவர் அமெரிக்காவின் கூடைப்பந்தாட்ட வெற்றிக் கிண்ணத்தைப் பெற்ற வரலாறே இங்கு எழுதப்படுகின்றது. கிண்ணம் பெரிதுதான். எனினும், அதற்குச் செல்லும் வழியில் அவர்கள் ஆடிய ஓர் ஆட்டம் அதனிலும் பெரிது.

கூடைப்பந்தாட்டம் ஓர் இளைஞர் சங்கத்திலே பிறந்த ஆட்டம். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத மாணவர்களுக்காக இதனை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை மண்டபத்தின் இரு புறங்களிலும் உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளையும் எழுதி ஒட்டினார். அவ்விதிகளுள் மனிதரின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. நிறத்தின் விதி பின்னரே வந்தது. அது எழுதப்படாமலே வந்தது.

எழுதப்படாத விதிக்கு வலிமை அதிகம். எழுதிய விதியை எதிர்த்து வாதாடலாம்; எழுதாத விதியை எங்கே சென்று எதிர்ப்பது? 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அமெரிக்கக் கல்லூரி அணிகள் பலவற்றில் கறுப்பின வீரர் இருவர் அல்லது மூவருக்கு மேல் ஒரே வேளையில் களமிறங்குவதில்லை. தென்மாநிலக் கல்லூரிகள் பலவற்றிலோ அவர்களுக்கு இடமே இல்லை. அங்குள்ள சில அணிகள், கறுப்பின வீரர் உள்ள அணியோடு மோதவும் மறுத்தன.

லொயோலாப் பல்கலைக்கழகம் 1870ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருமாரால் சிக்காகோவில் நிறுவப்பட்டது. அதன் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் ஜோர்ஜ் அயர்லன்ட், ஆட்டத் திறமையைப் பார்த்தாரேயன்றி நிறத்தை எண்ணிக் கணக்கிடவில்லை. அவர் சேர்த்த ஐவருள் அணித்தலைவர் ஜெரி ஹார்க்னெஸும் ரொன் மில்லரும் நியூயோர்க் நகரத்தவர். லெஸ் ஹன்ரரும் விக் ரவுஸும் ரென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், பேர்ள் உயர்நிலைப் பள்ளியில் ஒருங்கே பயின்று வந்தவர்கள். இந்நால்வரும் கறுப்பினத்தவர். ஐந்தாமவராகிய ஜோன் ஈகன் சிக்காகோவைச் சேர்ந்த வெள்ளையர்.

ஹார்க்னெஸ் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்த வரலாறு இளைஞர்கள் அறியத்தக்கது. ஓட்டப் போட்டிகளிலே ஈடுபட்டிருந்த அவர், நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியிலிருந்த வாலிபர் சங்க மண்டபத்தில் ஒரு நாள் பந்தெறிந்துகொண்டிருந்தார். அங்கு வந்திருந்த ஒருவர் அதனைக் கண்டு, இவ்வாட்டத்தினால் நீ பல்கலைக்கழகத்துக்கே செல்லலாம் என்ற கருத்துப்பட ஊக்கமளித்தார். அவர் வேறு யாருமல்லர். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உயர்தரப் பேஸ்போல் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்த ஜக்கி றொபின்சன். பெரியவர் ஒருவர் தக்க வேளையில் சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வீரர் வெற்றியோடு அவமதிப்பையும் சுமக்க நேர்ந்தது. 1962ஆம் ஆண்டில் நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு ஆடச் சென்றபோது அணியினர் ஒரே கூரையின்கீழ் தங்க இயலவில்லை. கறுப்பின வீரர்கள் வேறாகப் பிரிக்கப்பட்டு, கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினர். அவ்வாண்டின் டிசம்பர் மாதத்தில், வயோமிங் அணிக்கெதிரான ஆட்டத்தின்போது, அயர்லன்ட் ஐந்து கறுப்பின வீரரை ஒரே வேளையில் களத்தில் நிறுத்தினார். பெரிய கல்லூரிகளின் ஆட்டத்தில் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை என்பர்.

அவர்களின் ஆட்டம் விரைவும் வேகமும் கூடியது. அந்தப் பருவத்தில் நாட்டிலேயே சராசரியாக அதிக புள்ளிகள் பெற்ற அணி லொயோலாவே. பருவத்தின் நடுவில் மாற்று வீரர் இருவர் படிப்பில் போதிய தேர்ச்சி பெறாமையால் அணியை விட்டு நீங்கினர். அதன்பின் அனைத்துப் பாரமும் அந்த ஐவரின் தோள்களிலேயே வீழ்ந்தது. 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கியது. முதலாட்டத்தில் ரென்னசி தொழில்நுட்பக் கல்லூரியை 111-42 என்ற கணக்கில் வென்றனர். அச்சுற்றுப்போட்டியில் இத்துணைப் பெரிய வித்தியாசத்தில் வேறெந்த அணியும் வென்றதில்லை. அறுபது ஆண்டுகள் கடந்த பின்பும் அச்சாதனை நிலைத்திருந்தது. அடுத்து அவர்களை எதிர்கொள்ள வேண்டியிருந்த அணி, மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி. அது வந்து சேருமா என்பதே அப்போது எல்லோர் மனத்திலும் இருந்த வினா.

மிசிசிப்பியின் அந்நாளைய நிலையை வாசகர் அறிதல் வேண்டும். அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, 1962ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அம்மாநிலத்தின் ஒக்ஸ்போர்ட் நகரிலுள்ள மற்றொரு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரடித் என்னும் கறுப்பின மாணவர் சேர்வதை எதிர்த்துக் கலகம் மூண்டு, இருவர் உயிரிழந்தனர். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணியோ 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றும், தேசியச் சுற்றுப்போட்டிக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்தது. சென்றால் கறுப்பின வீரரோடு ஆட நேரும் என்பதே காரணம். எழுதப்படாத விதி கறுப்பின வீரருக்கு மட்டுமன்றி வெள்ளை வீரருக்கும் சிறையாக நின்றமையை இங்கு காண்கின்றோம்.

1963இல் அவ்வணி மீண்டும் முதலிடம் பெற்றது. இம்முறை பல்கலைக்கழகத் தலைவர் டீன் கொல்வார்ட், தம் மாணவர் சென்று ஆடலாம் என அனுமதி வழங்கினார். மாநில ஆளுநர் ரொஸ் பார்னெற் இதனை விரும்பவில்லை. பத்திரிகைகள் சில கண்டித்து எழுதின. அணி வெளியேறுவதைத் தடுக்க நீதிமன்றத் தடையுத்தரவொன்றும் பெறப்பட்டது. அவ்வுத்தரவு கையளிக்கப்படுமுன் கொல்வார்ட்டும் பயிற்றுவிப்பாளர் பேப் மக்கார்த்தியும் மாநிலத்தை விட்டு வெளியேறிவிட்டனர். வீரர்கள் மறுநாட் காலை விமானமேறிச் சென்று பயிற்றுவிப்பாளருடன் சேர்ந்துகொண்டனர். குற்றம் செய்தோர் இரவோடிரவாக ஓடுவதை நாம் அறிவோம். விளையாடுவதற்காக இளைஞர்கள் இவ்வாறு செல்ல நேர்ந்தது அக்காலத்தின் கோலம்.

மார்ச் 15ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ற் லான்சிங் நகரில் இரு அணிகளும் சந்தித்தன. ஆட்டம் தொடங்குமுன் இரு அணித்தலைவர்களும், லொயோலாவின் ஹார்க்னெஸும் மிசிசிப்பியின் ஜோ டான் கோல்ட்டும், நடுக்களத்தில் கைலாகு கொடுத்தனர். நாள்தோறும் எத்தனையோ ஆடுகளங்களில் நிகழ்வதுதான். ஆனால் அந்தக் கணத்தில் மண்டபமெங்கும் படப்பிடிப்பாளர்களின் விளக்குகள் பளிச்சிட்டன. தாம் ஆட வந்தது வெறும் ஓர் ஆட்டமன்று என்பதைத் தாம் அப்போதே உணர்ந்ததாக ஹார்க்னெஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஆட்டம் நேர்மையாக நடந்தது. மிசிசிப்பி அணியினர் முதல் ஏழு புள்ளிகளையும் தாமே பெற்றனர். லொயோலா மெல்ல மெல்ல முன்னேறி 61-51 எனவென்றது. வெளியார் அஞ்சிய எதுவும் களத்தில் நிகழவில்லை. தோற்றவர் தலைகுனியவுமில்லை, அவர்கள் வந்ததே வெற்றிதான். பிற்காலத்தார் இதனை மாற்றத்தின் ஆட்டம் என்று அழைக்கலாயினர்.

அதன்பின் லொயோலா இல்லினோய் அணியையும், அரையிறுதியில் அக்காலத்தில் வெள்ளையர் மட்டுமே இடம்பெற்றிருந்த டியூக் அணியையும் வென்றது. மார்ச் 23ஆம் நாள், லூயிவில் நகரின் சுதந்திர மண்டபத்தில் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி சின்சினாற்றி. 1961இலும் 1962இலும் கிண்ணத்தை வென்று, மூன்றாம் முறையும் வெல்லக் காத்திருந்த அணி அது. அன்று தொடக்கத்தில் களமிறங்கிய பதின்மரில் எழுவர் கறுப்பினத்தவர்.

முதற்பாதியில் ஹார்க்னெஸ் ஒரு கூடையேனும் போடவில்லை. இரண்டாம் பாதியில் லொயோலா 30-45 எனப் பதினைந்து புள்ளிகள் பின்தங்கியது. அக்காலக் கல்லூரி ஆட்டத்தில், குறித்த நேரத்துக்குள் பந்தை எறிந்தே ஆகவேண்டும் என்ற விதி கிடையாது. எனவே முன்னிற்கும் அணி பந்தைத் தன் வசமே வைத்து நேரத்தைக் கடத்தலாம். சின்சினாற்றி அவ்வாறே செய்ய முற்பட்டது. லொயோலா வீரரோ களம் முழுவதும் பின்தொடர்ந்து நெருக்கினர். நெருக்கம் தாளாமல் சின்சினாற்றி பந்தை இழக்கத் தொடங்கியது. ஆட்ட முடிவில் அது தவறவிட்ட பந்துகள் 16. லொயோலா தவறவிட்டவை 3 மாத்திரமே. லொயோலா எறிந்த பந்துகள் 84. கூடையில் வீழ்ந்தவை 23. எறிதிறன் கைவிட்ட அந்நாளில், பந்தை இழவாத கட்டுப்பாடே அவர்களைக் காத்தது.

இறுதி விநாடிகளில் சின்சினாற்றி 54-52 என முன்னின்றது. ஹன்ரர் மீட்டெடுத்த பந்து மில்லர் வழியாக ஹார்க்னெஸிடம் வர, அவர் எறிந்து கணக்கைச் சமமாக்கினார். மேலதிக நேரமாக ஐந்து நிமிடங்கள் ஆடப்பட்டன. கணக்கு 58-58 ஆக நின்றபோது, கடைசி எறிதலை ஹார்க்னெஸே எறிவார் என எல்லோரும் எதிர்பார்த்தனர். காவல் நெருக்கியதைக் கண்ட அவர், பந்தை ஹன்ரருக்குக் கொடுத்தார். ஹன்ரரின் எறிதல் தவறியது. தவறிய பந்தை ரவுஸ் பிடித்துக் கூடையிலிட்டார். ஆட்டம் முடிந்தது, 60-58. நாற்பத்தைந்து நிமிடங்களும் அந்த ஐவரே மாற்று வீரரின்றி ஆடினர். அவர்கள் பெற்ற புள்ளிகள்: ஹன்ரர் 16, ரவுஸ் 15, ஹார்க்னெஸ் 14, ஈகன் 9, மில்லர் 6. அந்தப் பருவத்தில் லொயோலா வென்ற ஆட்டங்கள் 29, தோற்றவை இரண்டே.

ஓர் ஆட்டத்தால் நாடு திருந்திவிடவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், மிசிசிப்பியில் உரிமைக்காகப் போராடிய மெட்கார் எவர்ஸ் தம் வீட்டு வாயிலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் திறந்த கதவு முற்றாக மூடப்படவுமில்லை. 1965ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் தன் முதற் கறுப்பின மாணவரைக் கலகமின்றிச் சேர்த்துக்கொண்டது. அப்போதும் கொல்வார்ட்டே தலைவர். 1966ஆம் ஆண்டில் ரெக்சஸ் வெஸ்ரேன் கல்லூரி, தொடக்கத்திலேயே ஐந்து கறுப்பின வீரரை நிறுத்தித் தேசியக் கிண்ணத்தை வென்றது. ஹன்ரரும் ரவுஸும் பயின்ற அதே பேர்ள் பள்ளி மாணவர் பெரி வொலஸ், மிசிசிப்பி அணி ஆடிய அதே வட்டாரத்தின் முதற் கறுப்பினக் கூடைப்பந்தாட்ட வீரராக 1967இல் களமிறங்கினார். 2013ஆம் ஆண்டில், லொயோலா அணியில் எஞ்சியிருந்த வீரர்களை வெள்ளை மாளிகையில் வரவேற்றவர், அந்நாட்டின் முதற் கறுப்பினக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா.

ஜோ டான் கோல்ட் 2011இல் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்கு ஹார்க்னெஸ் சென்றிருந்தார். பேழையின் அருகே, இருவரும் கைலாகு கொடுத்த அந்தப் பழைய படம் வைக்கப்பட்டிருந்தது. தோற்ற அணியின் தலைவரது வீட்டிலும் அப்படம் போற்றப்பட்டது என்றால், அந்நாளில் தோற்றவர் யார் என்று கூறுவது அரிது. ஹார்க்னெஸ் 2021ஆம் ஆண்டு மறைந்தார்.

இவ்வரலாற்றில் இளைஞர் செய்தது சிறிது. ஆட வேண்டும் என்று விரும்பினர், ஆடினர். பெரியவர்கள் செய்ததும் சிறிதாகவே தோன்றும். ஒருவர் நிறத்தைக் கணக்கிடவில்லை. மற்றொருவர் தம் பதவியைக் கணக்கிடவில்லை. ஆயினும், எழுதப்படாத விதியை உடைக்க வேறு வழி இல்லை. அதனைச் சட்டப் புத்தகத்திலே தேடி அழிக்க இயலாது. யாராவது ஒருவர் களத்தின் நடுவே சென்று, எதிரே நிற்பவருக்குக் கையை நீட்ட வேண்டும். எதிரே நிற்பவரும் அதனைப் பற்ற வேண்டும். எந்த ஊர் ஆடுகளத்திலும், எந்தச் சபையிலும், இவ்விரு கைகளும் வேண்டும்.